எந்தக் கை போட்டதோ அந்தக் கை

நீலாவதியின் வலது கைக்கு விருத்தகிரி போட்ட விலை பன்னிரண்டாயிரம் ரூபாய். ஐந்து விரலும் மணிக்கட்டும் சேர்த்து அந்த ரேட்டு. வண்டிக்குப் பெட்ரோல் தனி. இடது கைக்கு அவர் ஒன்றும் போடவில்லை. டிடிபி வேலையில் இரண்டு கையும் ஓடினால்தான் ஒரு பக்கம் நிறையும் என்பது மண்ணைச் சுட்டு விற்கிறவருக்குத் தெரிய நியாயமில்லை.

இந்த விலையை அவளிடம் சொன்னவன், கையை உடைக்க வந்தவனேதான். பெயர் திலீபன், வேப்பூர்ப் பக்கத்து ஆள். லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், மூட்டையைத் தூக்குவதைவிட மனுஷரைத் தூக்குவதில் கூலி ஜாஸ்தி என்று கண்டுகொண்டு தொழிலை மாற்றிக்கொண்டவன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அவளுடைய கடை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். உள்ளே வந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான். கையிலிருந்த மரக் கொட்டாப்புளியால் மானிட்டரின் நடுவில் ஒரே போடு போட்டான். திரை குழிந்து, மை கொட்டின மாதிரி கறுப்பு பரவி, அணைந்தது. அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னான்.

நீலாவதி கத்தவில்லை. கத்தினால் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வருவார், அவருக்கும் இரண்டு விழும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. பேப்பர் பறக்காமலிருக்க மேஜை மேல் மூன்று பீங்கான் ஃப்யூஸ் கட்டை வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து வீசினாள். அது அவன் இடது புருவத்தைப் பிளந்தது. இரண்டாவது காதில் பட்டுத் தெறித்தது. மூன்றாவதை எடுப்பதற்குள் அவன் மேஜையைத் தாண்டி வந்து, அவள் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தை ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தி, வலது கையை முறுக்கி கீபோர்டின் மேல் விரித்து வைத்தான். அவன் தாடையிலிருந்து சொட்டிய ரத்தம் எழுத்துச் சந்துகளில் இறங்கியது.

"அசையாம இருந்தீங்கன்னா ஒரே அடிக்கா," என்றான் மூச்சு வாங்கியபடி. "அசைஞ்சா ரெண்டு மூணு போடணும். உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் தோள்பட்டை வலி."

எவ்வளவு வாங்கினாய் என்று அவள் மூக்கு நசுங்கியபடியே கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான், பாதி அட்வான்ஸ் என்பதையும் சேர்த்து. நீலாவதிக்குக் கழுத்து வலியைவிட அந்தத் தொகைதான் சுட்டது. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற கை அது. புருஷன் போட்டோவில் ஏறி ஆறு வருஷமாகிறது. மகளின் நர்சிங் படிப்பும் வூட்டு வாடகையும் அந்த ஒரு கையில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு கொத்தனார் கைக்குக்கூட இதைவிட நல்ல விலை கிடைக்குமே என்றாள். அப்படியெல்லாம் இல்லை, போன மாசம் நல்லூரில் ஒரு கொத்தனாருக்கு எட்டாயிரம்தான் வாங்கினேன் என்று திலீபன் நேர்மையாகச் சொன்னான்.

உடைப்பதற்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டிய சமாசாரம் ஒன்று இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பல்லில் கவ்விப் பிரித்தான். அது பிராது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லலாம். ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் தீராத வழக்கை ஜனங்கள் அங்கே சாமி பேருக்கு மனுவாக எழுதி, கட்டணம் கட்டி, முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு. விருத்தகிரி திங்கட்கிழமை காலையில் மனுவைக் கட்டினார். மத்தியானமே திலீபனுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். சாமிக்குத் தொண்ணூறு நாள், திலீபனுக்கு ஒரு நாள்.

மனுவில் இருந்தது ஒரே வரி. 'தேர்தல் சீட்டில் என் பேருக்கு நேரே எந்தக் கை மண்டையோட்டைப் போட்டதோ, அந்தக் கை உடைய வேணும்.'

மண்டையோட்டின் கதை இரண்டு நாள் பழசு. ஊரில் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர் இருநூற்றுப் பதினாலு பேர். பொதுச் சூளையில் யார் சரக்கு எந்தத் தேதியில் வேகும் என்று முடிவு செய்வது தலைவர். அதனால் அந்த நாற்காலி எல்லார் வூட்டு அடுப்பையும் கையில் வைத்திருக்கிற நாற்காலி. ஒன்பது வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தவர் விருத்தகிரி. இந்தத் தடவை எதிர்த்து நின்றவர் அவருடைய சொந்தத் தங்கை புருஷன் பழமலைநாதன். தலைவருக்குக் குடைச் சின்னம், மச்சானுக்குக் கடிகாரம். வோட்டுச் சீட்டை அமைத்துக் கொடுத்தது நீலாவதி.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து குடோனில் வோட்டுப் பதிவு. விருத்தகிரி வாசலில் நின்று காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை. சீட்டுக்கட்டு சீல் உடையாமல் நேராக உள்ளே போனதால் அவர் அதைப் பார்க்கவும் இல்லை. அறுபது பேர் குத்திவிட்டுப் போன பிறகு, அறுபத்தொன்றாவதாக உள்ளே போன ஒரு சூளைக்காரர் குத்தாமலே வெளியே வந்து, "தலைவரே, உங்க பேருகிட்ட கரண்டு வருதாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தால், அவர் பேருக்கு நேரே குடை இல்லை. குறுக்கே இரண்டு எலும்பு வைத்த மண்டையோடு இருந்தது, கரண்டு கம்பத்தில் தகரத்தில் அடித்துத் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி. இந்த ஊரில் பாதிப் பட்டறை ஃப்யூஸ் கட்டையும் கரண்டு கம்பத்துக் குப்பியும் செய்கிற பட்டறை. வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதல் நாள் பாடமே மண்டையோடு போட்ட எதிலும் கை வைக்காதே என்பதுதான். இருபது வருஷம் கை வைக்காமல் பிழைத்தவன் வோட்டுக்காகவா வைப்பான். சிலர் தலைவரே மிரட்டுவதற்காகப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். மச்சானின் கடிகாரமும் கடிகாரமாக இல்லை, தபால் உறையாகியிருந்தது. தேர்தல் நேரத்தில் உறையைப் பார்த்த ஜனங்கள் உள்ளே ஏதோ இருக்கும் என்று சந்தோஷமாகக் குத்தினார்கள்.

விருத்தகிரி தகர வோட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி மச்சானின் வாயில் இறக்கினார். முன்பல் இரண்டும் பெட்டியோடு வந்தன. மச்சானின் ஆட்கள் அலமாரியில் மாதிரிக்கு அடுக்கியிருந்த டீ கப்பை எடுத்தார்கள். இருநூறு கப்பும் பறந்தன. பீங்கான் உடைந்தால் விளிம்பு கத்தியாகிவிடும் என்பதை அதைச் செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னம் கிழிந்தது, உள்ளங்கை கிழிந்தது, ஒருவனுக்குக் காது மடல் தொங்கியது. பதினாறு பேரை அரசு ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துத் தைத்தார்கள். போலீசு வந்தபோது தரையில் ரத்தத்தில் ஒட்டிக்கிடந்த சீட்டை யாரோ எண்ணி முடித்திருந்தார்கள். உறைக்கு ஐம்பத்தெட்டு. மண்டையோட்டுக்கு இரண்டு. ஒன்று விருத்தகிரியின் தம்பி. மற்றது யார் என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மச்சானிடம் காசு வாங்கிக்கொண்டு நீலாவதிதான் போட்டிருக்கிறாள் என்று விருத்தகிரி முடிவு கட்டினார். வேறு யாரையும் அவர் யோசிக்கவே இல்லை.

இப்போது, ஸ்கேனர் மேல் கன்னம் ஒட்டியபடி, நீலாவதி அந்த ஒற்றை வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். திலீபன் படித்தான். பிராதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடிப்பது என்று அவன் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பிராதுக்காக, அண்ணன் காலை உடைப்பதற்குப் பதில் தம்பி காலை உடைத்துவிட்டான். அதே வாரம் லாரியின் பின்கதவு விழுந்து அவன் வலது தோள் இறங்கிப்போனது. அன்றிலிருந்து கொளஞ்சியப்பர் விஷயத்தில் அவன் மிகவும் சுத்தம். இதையும் அவளிடம் ஒளிக்காமல் சொன்னான்.

"நான் போட்டது குடை," என்றாள் நீலாவதி. "குடை போட்ட கையை ஒடச்சுட்டு, மண்டையோடு போட்ட கையை விட்டுட்டுப் போ. இன்னொரு தோளும் இருக்குது இல்ல உனக்கு."

கழுத்தின் மேலிருந்த பிடி தளரவில்லை. ஆனால் யோசிக்க ஆரம்பித்தது. பிடிகளுக்கும் யோசனை உண்டு என்பது அகப்பட்டவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணி வரை தவணை கேட்டாள். அதற்குள் சரியான கையைக் காட்டாவிட்டால் இந்தக் கையைத் தானே நீட்டுவதாகச் சொன்னாள். அவன் நான்கு என்றான். நாலரையில் முடிந்தது.

பரணில் கிடந்த பழைய மானிட்டரை இறக்கி மாட்டி, ஃபைலைத் திறந்தாள். விருத்தகிரி பேருக்கு நேரே நல்ல குடையாக விரிந்திருந்தது. திலீபன் புருவத்தைத் துண்டால் அமுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தான். குடைதான்.

நீலாவதி தன் தப்பையும் மறைக்கவில்லை. மறைத்தால் பின்னால் அவனுக்குச் சந்தேகம் வரும். அந்தக் குடை படமே இல்லை, எழுத்து. சின்னச் சின்னப் படங்களாகவே செய்த ஃபாண்ட் ஒன்று அவளிடம் இருக்கிறது. கீபோர்டில் ஒன்றைத் தட்டினால் குடை விழும், இன்னொன்றைத் தட்டினால் கடிகாரம். படம் தேடி ஒட்டச் சோம்பல்பட்டுத் தட்டிவிட்டாள். அதனால் ஃபைலுக்குள் குடை கிடையாது. 'இந்த ஃபாண்டில் இந்த எழுத்தைப் போடு' என்ற குறிப்புதான் உண்டு. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர், தன்னிடம் இருக்கிற வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அதில் அதே எழுத்துக்கு என்ன படமோ அதுதான் விழும்.

லோடு ஏற்றாமல் பில்லை மட்டும் கொடுத்து லாரியை அனுப்பின மாதிரியா என்று திலீபன் கேட்டான். அதேதான் என்றாள். லோடையும் சேர்த்து அனுப்ப வழி இல்லையா என்றான். இருக்கிறது. ஃபாண்டை உள்ளேயே பொதிந்து பிடிஎஃப் ஆக்கலாம். இல்லை, எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிக் கர்வ் பண்ணிவிடலாம். அப்புறம் எந்த ஊர் கம்ப்யூட்டருக்குப் போனாலும் குடை குடையாகவே இருக்கும். அரை மணி நேர வேலை. வியாழக்கிழமை விருத்தகிரி இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவள் இதைச் சொல்லி இருநூறு ரூபாய் கேட்டாள்.

"ஒரு பட்டனை அமுக்குறதுக்கு இருநூறா?" என்று கேட்டுவிட்டு, அவர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கேள்வி, அவர் எந்த அச்சகத்துக்குப் போனார் என்பது. வேப்பூர் ரோட்டில் பாலகிருஷ்ணன் என்பவர் நடத்துகிற சின்ன ஆஃப்செட் அச்சகம். திலீபன் தன் துண்டின் ஒரு நுனியை அவள் வலது மணிக்கட்டில் கட்டி, மறு நுனியைத் தன் பெல்ட்டில் முடிந்தான். நம்பிக்கை வேறு, தொழில் வேறு என்றான். அப்படியே பைக்கில் போனார்கள். பஸ் ஸ்டாண்டு தாண்டுகிற வரை பார்த்தவர்களெல்லாம் ஏதோ வேண்டுதல் என்று வழி விட்டார்கள்.

பாலகிருஷ்ணன் இவர்களைக் கண்டதும் வாயில் வைத்த டீயை விழுங்காமலே பின்கதவுக்கு ஓடினார். ஓடுகிறவனிடம்தான் விஷயம் இருக்கும் என்பது திலீபனின் அனுபவம். பேப்பர் ரீமில் இடறி விழுந்தவரைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து, கட்டிங் மெஷினில் அவர் வலது கையை வைத்து, தாளை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பட்டையைச் சக்கரம் சுற்றி இறக்கினான். கத்தியை இறக்கவில்லை. பட்டை மட்டும் போதும் என்றான்.

துண்டு எட்டுகிற தூரத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. நீலாவதி இடது கையால் ஃபைலைத் திறந்தாள். திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது: இந்த ஃபாண்ட் என்னிடம் இல்லை, வேறு போட்டுக்கொள்ளட்டுமா? ஒரு தட்டு தட்டினாள். மண்டையோடு பல்லைக் காட்டியது. கீழே மச்சானின் உறை.

திலீபன் சக்கரத்தை இன்னும் அரைச் சுற்று சுற்றினான். பட்டைக்கு அடியில் ஏதோ சின்னதாக முறிந்தது. காய்ந்த சுள்ளியை மிதித்த சத்தம். பாலகிருஷ்ணன் போட்ட கூச்சலில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேரும் டிபன் பாக்ஸோடு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

"நான் அமுக்கலண்ணே," என்றார், குரல் போன குரலில். "பெட்டி வந்துச்சு, கேட்டேன். தலைவருதான் அமுக்கினாரு. கேமராவுல இருக்குதுண்ணே, பாருங்க."

ரீம் ரீமாகப் பேப்பர் திருடு போகிறதென்று மேஜைக்கு மேலே கேமரா மாட்டியிருந்தார். நீலாவதி வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்தாள். மாலை நாலு பத்துக்கு விருத்தகிரி படத்துக்குள் வருகிறார். கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது. மச்சான் கூட்டத்துக்குக் கூட்டம் கிழவன் என்று பேசுவதால் ஒரு மாசமாக அவர் அதைப் போடுவதில்லை. பெட்டி திரையில் வருகிறது. பாலகிருஷ்ணன் விரலை நீட்டி ஏதோ சொல்கிறார். விருத்தகிரி அந்தக் கையைத் தட்டிவிட்டு, பவழ மோதிரம் போட்ட தன் வலது கையை நீட்டி, கீபோர்டில் ஓங்கி ஒரு குத்து. அப்புறம் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தன் பெயர் முதலில் இருக்கிறதா, கொட்டை எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியாகிறார். இருநூறு ரூபாய் கேட்ட பட்டனை இனாமாக அமுக்கிவிட்ட சந்தோஷம் முதுகிலேயே தெரிந்தது.

திலீபன் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை அவன் முகம் வெளுத்தது, விருத்தகிரிக்காக அல்ல. சக்கரத்தைத் திருப்பி, பாலகிருஷ்ணனின் கையை வெளியே எடுத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தப்பான பக்கம் மடிந்திருப்பதைப் பார்த்தான். தப்பான கை. கன்னத்தில் போட்டுக்கொண்டான். அட்வான்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்து, கட்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றான். தன் நல்ல தோளை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

விருத்தகிரியின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. ரயில் பாதையை ஒட்டிய வளாகம். வெய்யிலில் பச்சை மண் யானைகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, நாளைக்குச் சூளை ஏற வேண்டியவை. விருத்தகிரி களிமண் பிசைகிற கல் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீலாவதியின் கை முழுசாக இருப்பதைத்தான் முதலில் பார்த்தார். திலீபன் செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்த படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடி போடாமலே கையைத் தள்ளி நீட்டிப் பார்த்தார். தன் மோதிரத்தை அடையாளம் தெரிந்தது.

இப்போதெல்லாம் இந்த மாதிரி எத்தனையோ படம் செய்துபோடுகிறார்கள், எல்லாம் மச்சான் வேலை என்றார். திலீபன் பதில் சொல்லவில்லை. அதைப் பேரம் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு மூவாயிரம் தருகிறேன் என்றார். அப்புறம் பதினெட்டு. அப்புறம் இருபது. காலையில் பன்னிரண்டு, சாயங்காலம் இருபது. ஒரே நாளில் ஒரு சரக்குக்கு இப்படி விலை ஏறி நீலாவதி கடைத்தெருவில் பார்த்ததில்லை. கட்டியிருந்த துண்டுக்குள் அந்தக் கை வேர்த்து நனைந்திருந்தது.

திலீபன் அப்போதும் பேசாமல் நிற்கவே, விருத்தகிரி எழுந்து அவன் இடுப்பிலிருந்த கொட்டாப்புளியை உருவினார். துண்டைப் பிடித்து ஒரே இழுப்பில் அவளைக் கல் மேடைக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டைக் கல்லோடு சேர்த்து அமுக்கி ஓங்கினார். நீலாவதி உடம்பையெல்லாம் தோளுக்குக் கொண்டுவந்து கையை உருவினாள். நாலு விரல் வந்துவிட்டது. சுண்டுவிரல் வரவில்லை.

சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. பல் வேர் வரைக்கும் ஏறியது. இடது கையில் முதலில் அகப்பட்டது ஒரு பிளாஸ்டர் அச்சு, அரை யானை கனம். அதை அவர் முகத்தில் இறக்கினாள். மூக்குத்தண்டு நகர்ந்து ரத்தம் மீசைக்கு வந்தது. அவர் அவள் தலைமுடியைப் பிடித்தார், அவள் அவர் காதைக் கடித்தாள், இரண்டு பேரும் யானை வரிசைக்கு நடுவில் விழுந்து புரண்டார்கள். துண்டு கட்டியிருந்ததால் திலீபனும் கூடவே இழுபட்டு விழுந்தான். துதிக்கை, கால், தந்தம் என்று பச்சை மண் நொறுங்கி மூன்று பேர் முதுகிலும் ஒட்டியது. ஒரு ரயில் முழுசாகக் கடந்து போகிற வரைக்கும் யாரும் யாரையும் விடவில்லை.

முதலில் எழுந்தவன் திலீபன். பெல்ட்டிலிருந்த முடிச்சை அவிழ்த்தான். கொட்டாப்புளியைப் பொறுக்கினான். விருத்தகிரியைக் கல் மேடையில் இழுத்துக் கிடத்தி, மார்பில் முழங்காலை ஊன்றி, வலது கையை நீட்டிக் கல் மேல் வைத்தான். மோதிரத்தைக் கழற்றிப் பத்திரமாக அவர் சட்டைப்பையில் போட்டான், பவழம் உடைந்துவிடக்கூடாதே என்று.

"தலைவரே, பிராது நீங்க எழுதினதுதான்," என்றான். "வேணான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிட்டு வரேன்."

நீலாவதி சுண்டுவிரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதான். அவர் வாயில் அது வரவில்லை. பட்டறை ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், பத்தும் வோட்டு.

"சாமிகிட்ட குடுத்ததைத் திருப்பி வாங்குற பரம்பரை இல்லடா நாங்க," என்றார் விருத்தகிரி, ரத்தத்தைத் துப்பிவிட்டு. "போட்ட கை ஒடஞ்சே ஆவணும்."

சரிங்க என்றான் திலீபன். அவர் அசையாமல் படுத்திருந்ததால் ஒரே அடியில் முடிந்தது.

பதினோரு நாள் கழித்து, மறுதேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விருத்தகிரி முழங்கை வரை மாவுக்கட்டோடு நீலாவதியின் கடைக்கு வந்தார். ஊரில் டிடிபி கடை வேறு இல்லாமலில்லை. ஆனால் மண்டையோட்டுச் சேதி பரவிய பிறகு சங்கத்துச் சீட்டைத் தொட ஒருவரும் தயாராக இல்லை. அவளும் விரலுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நலம் விசாரிக்கவில்லை.

இந்தத் தடவை அவள் குடையைப் படமாகவே வரைந்தாள். எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணினாள். பிடிஎஃப் ஆக்கி, அவர் கண் முன்னால் தாளில் எடுத்துக் காட்டினாள். இருநூறு கேட்ட வேலைக்கு நானூறு கேட்டாள். அவர் இடது கையால் எண்ணிக் கொடுத்தார். வலது சுண்டுவிரல்தான் எண்டரை அமுக்குகிற விரல். அது இல்லாமல் ஒவ்வொரு வரி முடிவிலும் கை தடுமாறி நின்று, கட்டை விரலை அங்கே அனுப்பியது. ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அவள் எண்ணினாள்.

அப்புறம் அவர் இன்னொரு வேலை சொன்னார். பிராது கட்டினால், காரியம் முடிந்ததும் தீர்ந்தது என்று எழுதிக்கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். ராஜினாமா என்று பேர். கையால் எழுத முடியாது, நீயே அடித்துக் கொடு, நான் கைநாட்டு வைக்கிறேன் என்றார். நீலாவதி அடித்தாள். ஒரு வரியில் முடிகிற சமாசாரத்துக்கு அரைப் பக்கம் வந்தது. பிரிண்ட் எடுத்து, படித்துப் பாருங்கள் என்று நீட்டினாள். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் தன் பெயர் மேலே இருக்கிறதா, கொட்டை எழுத்தில் இருக்கிறதா என்று தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இருந்தது. இடது கட்டை விரலை மையில் தோய்த்து அமுக்கினார். அன்றைக்கே கொண்டுபோய்க் கோயிலில் சேர்த்தும் விட்டார்.

அந்தத் தாளில் இருந்தது இது.

விருத்தகிரி ஆகிய நான் சாமியிடம் கேட்டது: கை ஒன்று. பெற்றது: கை ஒன்று, என்னுடையது. அந்த வகையில் நேர். இதர வகையில் செலவானது: என் மூக்கு ஒன்று, மச்சான் பழமலைநாதன் முன்பல் இரண்டு, பாலகிருஷ்ணன் விரல் இரண்டு, திலீபன் புருவத்தில் தையல் ஐந்து, சங்கத்தார் தலை பதினாறு, டீ கப் இருநூறு, மண் யானை முப்பத்தெட்டு, மானிட்டர் ஒன்று. இவை அவரவர் கணக்கில் அடங்கும். எந்தக் கணக்கிலும் அடங்காமல், நீலாவதிக்கு நான் தர வேண்டியது: சுண்டுவிரல் ஒன்று. பாக்கி.